நேர்மையாக நம்பினால் போதுமா?

பழைய கொடுமை ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு சமாதானம் சொல்லப்படும். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள், நம்பியபடி நடந்தார்கள், இன்றைய அறிவை வைத்து அவர்களைக் குற்றம் சொல்வது நியாயமா என்று கேட்பார்கள். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் சூனியக்காரிகள் என்று முத்திரை குத்தித் தூக்கிலிடப்பட்டவர்கள் விஷயத்திலும் இதே சமாதானம்தான் சொல்லப்படுகிறது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதனாலேயே இதை எளிதில் தள்ளிவிடாமல் நின்று ஆராய வேண்டியிருக்கிறது. ஒருவர் தாம் நம்புவதை உண்மையாகவே நம்புகிறார் என்பது, அந்த நம்பிக்கையின் பெயரால் அவர் செய்யும் தீங்கிலிருந்து அவரை விடுவிக்குமா?

இங்கிலாந்தில் சூனியம் சட்டப்படி குற்றமாக இருந்தது. 1542-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் முதல் சட்டம் வந்தது; ஐந்தே ஆண்டுகளில் அது நீக்கப்பட்டது. முதலாம் எலிசபெத் காலத்தில் 1563-இல் மறுபடி ஒரு சட்டம். முதலாம் ஜேம்ஸ் காலத்தில் 1604-இல் அதைவிடக் கடுமையான மற்றொன்று. 1736 வரை அதுவே நடப்பில் இருந்தது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் செய்ததுபோல் இங்கிலாந்தில் சூனியக்காரிகளை எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். மொத்தம் ஐந்நூறு பேர் வரை அப்படி உயிரிழந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் ஏழைகள், வயதானவர்கள், துணையில்லாதவர்கள்.

இந்த வழக்குகளின் தொடக்கத்தைப் பார்த்தால் பலவற்றில் ஒரே காட்சி தென்படும். ஒரு ஏழைப் பெண் வீட்டு வாசலில் வந்து எதையோ கேட்கிறாள். இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டே போகிறாள். பிறகு அந்த வீட்டில் ஒரு குழந்தைக்கு நோய் வருகிறது, அல்லது மாடு சாகிறது, அல்லது பால் திரிகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழம் விழுந்த வீட்டுக்காரர்கள் காக்கையைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

1612 மார்ச் மாதம், லங்காஷயரில் கோல்ன் என்ற ஊருக்கு அருகே, அலிசன் டிவைஸ் என்ற இளம்பெண் வழியில் வந்த ஜான் லா என்னும் தலைச்சுமை வியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். மூட்டையை அவிழ்க்க அவர் மறுத்துவிட்டார். சற்று நேரத்தில் அவர் கீழே விழுந்தார், உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது, பேச்சும் குழறியது. இன்று எந்த மருத்துவரும் பக்கவாதம் என்று சொல்லக்கூடிய அறிகுறிகள் அவை. அலிசனோ, தன் கோபம்தான் அவரை வீழ்த்தியது என்று தானே நம்பி, அவர் படுத்திருந்த இடத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். அந்த ஒரு சம்பவத்திலிருந்து விரிந்த விசாரணை, ஆகஸ்ட் 20 அன்று லங்காஸ்டரில் ஒன்பது பேரின் தூக்கில் போய் முடிந்தது. அலிசன், அவள் தாய் எலிசபெத், அண்ணன் ஜேம்ஸ் மூவரும் அதில் அடக்கம். பார்வையிழந்த கிழவியான அவள் பாட்டி, விசாரணைக்கு முன்பே சிறையில் இறந்துபோனாள்.

கொடுக்க மறுப்பதற்கும் பழி சுமத்துவதற்கும் உள்ள இந்த உறவை, கீத் தாமஸ், ஆலன் மக்ஃபர்லேன் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் 1970-களின் தொடக்கத்தில் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். அக்கம்பக்கத்து ஏழைக்கு ஒரு கை மாவோ ஒரு குவளை மோரோ கொடுப்பது பழைய கிராமத்தின் கடமை. விலைவாசியும் மக்கள்தொகையும் ஏறிய காலத்தில் அந்தக் கடமை பாரமாகிப் போனது. ஏழைகளைத் திருச்சபை வட்டாரங்கள் வரி வசூலித்துப் பராமரிக்க வேண்டும் என்று 1601-இல் சட்டம் வந்த பிறகு, வாசலுக்கு வருபவளை விரட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. ஆனால் பழைய கடமையுணர்வு மனத்தைவிட்டு அத்தனை எளிதில் போகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? அந்தக் குறுகுறுப்பைத் தாங்க முடியாதவர்கள், தாங்கள் செய்த தவறை அவள் செய்த தவறாக மாற்றிக்கொண்டார்கள். கொடுக்காதவன் குற்றவாளி என்ற இடத்தில், கேட்டவள் குற்றவாளி ஆனாள்.

அறநெறிப்படி பார்த்தால், இந்த விவகாரத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. பேய், பிசாசு பற்றிய அறியாமை பின்னால் வருவது. அதற்கு முன்பே, நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோமோ அவர்மீதே வெறுப்புக் கொள்ளும் மனித மனத்தின் பழக்கம் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. நம்பிக்கை நேர்மையானதுதானா என்ற கேள்விக்கும் இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. தன் மனச்சான்றுக்கு வசதியாக இருக்கும் ஒன்றை ஒருவர் ஆராயாமல் நம்பிவிடும்போது, அந்த நம்பிக்கை முழுக்க நேர்மையானது என்று சொல்ல முடியாது.

ஒரு வழக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1662 மார்ச்சில் சஃபக் மாவட்டத்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரில் அது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் லோஸ்டாஃப்ட் என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த ஏமி டென்னி, ரோஸ் கல்லெண்டர் என்ற இரு விதவைகள். குற்றம் சாட்டியவர்களில் முக்கியமானவர் சாமுவேல் பேசி என்ற வசதியான மீன் வணிகர். முந்தைய ஆண்டு அக்டோபரில் ஏமி அவர் வீட்டுக்கு ஹெர்ரிங் மீன் வாங்க வந்தாள். மூன்று முறை வந்தாள்; மூன்று முறையும் இல்லை என்று அனுப்பினார்கள். கடைசி முறை அவள் ஏதோ முணுமுணுத்தபடி போனாள். அதே நேரத்தில் பேசியின் இளைய மகளுக்கு வயிற்றில் ஊசி குத்துவதுபோல் வலி எழுந்தது.

பேசி புகார் கொடுக்க, ஏமியைத் தொழுமரத்தில் மாட்டிவைத்தார்கள். அங்கே அவளைச் சூழ்ந்துகொண்டு கேட்டவர்களிடம் அவள் சொன்ன பதில், பேசி தன் பிள்ளைக்காக இத்தனை ஆர்ப்பாட்டம் செய்கிறார், நான் என் பிள்ளைக்குப் பட்டபாட்டை அவரும் படட்டும் பார்க்கலாம் என்ற பொருளில் இருந்தது. அப்படி என்ன பட்டாய் என்று கேட்டதற்கு, நோய்ப்பட்ட தன் குழந்தையின் வாயைப் பலவந்தமாகத் திறந்து உணவு ஊட்ட வேண்டியிருந்தது என்றாள். ஒரு தாய் தன் கஷ்டத்தைச் சொன்னாள்; கேட்டவர்கள் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டொரு நாளில் பேசியின் பிள்ளைகளுக்கு வலிப்பு கடுமையானபோது அவள் சொன்ன அந்தச் சொல்லே அவளுக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது.

பிள்ளைகள் குண்டூசிகளையும் ஒருமுறை ஆணியையும் வாந்தியெடுத்ததாகச் சொன்னார்கள். பேசியின் சகோதரி மார்கரெட் ஆர்னால்டிடம் பிள்ளைகளை அனுப்பினார்கள். அவர் முதலில் இதை நம்பவில்லை. பிள்ளைகளின் உடையிலிருந்த குண்டூசிகளையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த இடங்களை நூலால் தைத்தார். சரியான எச்சரிக்கைதான். ஆனால் அதற்குப் பிறகும் ஊசிகள் வந்தபோது, பிள்ளைகளுக்கு அவை வேறு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று தேடாமல், சூனியம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

நீதிமன்றத்தில் பிள்ளைகள் கைகளை இறுக மூடிக்கொண்டு கிடந்தார்கள். எந்தப் பலசாலியாலும் பிரிக்க முடியாத அந்த விரல்கள், குற்றம் சாட்டப்பட்ட பெண் தொட்டதும் தாமாகத் திறந்துகொண்டன. பார்த்தவர்கள் மிரண்டார்கள். ஆனால் கீலிங் என்ற மூத்த வழக்கறிஞருக்குச் சந்தேகம் தீரவில்லை. பாதிக்கப்பட்டவரின் மனத்தோற்றத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டித்தால் யாருடைய உயிருக்கும் பாதுகாப்பு இருக்காது என்று அவர் வாதிட்டார். ஒரு சோதனை செய்து பார்க்க முடிவானது. ஒரு சிறுமியை மண்டபத்தின் மறுகோடிக்கு அழைத்துப் போய்க் கண்ணைக் கட்டினார்கள். ஏமியை அருகில் நிறுத்திவிட்டு, வேறொரு பெண்ணைக் கொண்டு சிறுமியின் கையைத் தொடவைத்தார்கள். ஏமி தொட்டால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. சோதனையை உடனிருந்து பார்த்த பெரிய மனிதர்கள் திரும்பி வந்து, இது வெறும் பித்தலாட்டம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

வழக்கு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தன்னைத் தொட்டது சூனியக்காரிதான் என்று சிறுமி நினைத்திருக்கலாம், அந்த நினைப்பே அவளை அப்படி ஆட்டியிருக்கலாம் என்று பேசி விளக்கம் சொன்னார். நினைப்பு மட்டுமே உடலை அப்படி ஆட்டும் என்றால் சூனியக்காரி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதை அங்கே யாரும் கேட்கவில்லை. நார்விச் நகரின் புகழ்பெற்ற மருத்துவரும் எழுத்தாளருமான தாமஸ் பிரௌன், பிள்ளைகளுக்கு வந்திருப்பது இயற்கையான நோய்தான் என்றாலும் சாத்தான் அதைப் பெரிதாக்கியிருக்கிறான் என்று கருத்துச் சொன்னார். நீதிபதி மாத்யூ ஹேல், சாட்சியங்களைத் தொகுத்துச் சொன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக்கூடும் என்று சொல்லி, ஜூரிகளுக்கு அவற்றைத் தொகுத்துக் காட்டவே இல்லை. சூனியம் உண்டு என்பதில் ஐயமில்லை, வேதமும் எல்லா நாட்டுச் சட்டங்களும் அதை ஒப்புக்கொள்கின்றன என்பதை மட்டும் வலியுறுத்தினார். ஜூரிகள் அரைமணி நேரத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இரு பெண்களும் தூக்கிலிடப்பட்டார்கள். கடைசிவரை எதையும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஹேல் கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்கியவரும் இல்லை. அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த நீதிபதிகளில் ஒருவர். பிற்பாடு தலைமை நீதிபதியானவர். நிரபராதி ஒருவர் சாவதைவிடக் குற்றவாளிகள் ஐவர் தப்பிப்போவது மேல் என்று எழுதியவர் அவர்தான். பிணம் கிடைக்காமல், அல்லது கொலை நடந்தது உறுதியாக நிரூபிக்கப்படாமல், கொலைக்குற்றத்துக்குத் தண்டிக்கக் கூடாது என்று வலியுறுத்தியவரும் அவரே. அப்படிப்பட்டவர், கண்முன் தோற்றுப்போன ஒரு சோதனையை ஒதுக்கிவிட்டு இரு பெண்களைத் தூக்குமேடைக்கு அனுப்பினார். நல்லவர் ஒருவர் இதைச் செய்தார் என்பதுதான் நம்மைக் கலங்க வைக்க வேண்டிய செய்தி.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. சூனியத்தால் குழந்தைகள் சாகிறார்கள் என்று உண்மையாகவே நம்பிய நீதிபதிக்கும், விஷம் வைத்தவரைத் தண்டிக்கும் நீதிபதிக்கும் அறவழியில் என்ன வேறுபாடு? கொலையாளி தண்டிக்கப்பட வேண்டும் என்ற ஒரே அறத்தைத்தானே இருவரும் பின்பற்றினார்கள்? பிழை உலகத்தைப் பற்றிய அறிவில்தானே தவிர, அறத்தில் இல்லையே?

இந்த வாதம் இரண்டு நம்பிக்கைகளை ஒன்றாகக் குழப்புகிறது. உலகில் சூனியம் உண்டு என்பது ஒரு நம்பிக்கை. ஏமி டென்னி சூனியம் வைத்தாள் என்பது வேறொன்று. முதலாவதைக் காலம் அவர்களுக்குக் கொடுத்தது. அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. இரண்டாவதை அவர்கள் தாமாகத் தேர்ந்துகொண்டார்கள். விஷம் உண்டு என்று நம்புவதால் மட்டும் எந்த நீதிபதியும் எதிரில் நிற்பவர் விஷம் வைத்தார் என்று தீர்ப்பளிப்பதில்லை. விஷம் எங்கே, யார் வாங்கினார், எப்போது கலந்தார் என்று கேட்கிறார். சூனிய வழக்கில் அந்தக் கேள்விகள் அனைத்தும் விலக்கப்பட்டன. மறைவில் நடக்கும் குற்றம், ஆகவே சாட்சி குறைவாகத்தான் கிடைக்கும், ஆகவே குறைந்த சாட்சியே போதும் என்று வாதிட்டார்கள். எளிதில் நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு என்றால் அதிகக் கவனம் வேண்டும் என்பதே அறம். அவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள்.

காலம் அப்படி என்ற சமாதானமும் முழுமையாகச் செல்லாது. அதே காலத்தில் வேறு விதமாகச் சிந்தித்தவர்கள் இருந்தார்கள். கென்ட் மாவட்டத்துச் சிறு நிலக்கிழார் ரெஜினால்ட் ஸ்காட், இந்தப் பெண்கள் மீதான பழிகள் ஆதாரமற்றவை என்று 1584-லேயே ஒரு பெரிய நூல் எழுதி வெளியிட்டார். அலிசன் டிவைஸ் தண்டிக்கப்பட்ட அதே 1612 லங்காஸ்டர் நீதிமன்றத்தில், சாம்ல்ஸ்பரி ஊர்ப் பெண்கள் மூவர்மீது பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பழி சொன்னாள். அதே நீதிபதி அவளைத் துருவி விசாரித்தார், பிறர் சொல்லிக்கொடுத்தபடி அவள் பேசியது வெளிப்பட்டது, மூவரும் விடுதலையானார்கள். கேட்டால் உண்மை வெளிவரும் என்பது அன்றைக்கும் தெரிந்திருந்தது. எங்கே கேட்பது, எங்கே கேட்காமல் விடுவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

பெரியவர்கள் குழந்தைகளைப் பயன்படுத்திய விதம் இந்த வரலாற்றின் மிக வேதனையான பகுதி. அலிசனின் தங்கை ஜெனெட்டுக்கு அப்போது ஒன்பது வயதளவு. அவளைச் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார்கள். தாய் அலறியதால் தாயை வெளியே கொண்டு போய்விட்டு, சிறுமியை ஒரு மேசைமேல் ஏற்றி நிறுத்திப் பேசவைத்தார்கள். தாய்க்கும் அண்ணனுக்கும் எதிராக அவள் சொன்ன சொல் அவர்களைத் தூக்குக்கு அனுப்பியது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே வட்டாரத்தில் எட்மண்ட் ராபின்சன் என்ற சிறுவன் சூனியக்காரிகளின் கூட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லப் பலர் சிறைபட்டார்கள். இம்முறை நீதிபதிகள் தயங்கி, வழக்கை அரசரிடம் அனுப்பினார்கள். லண்டனில் விசாரித்தபோது, மாடுகளை ஓட்டிவராமல் விளையாடிவிட்டு வந்ததற்கு அடி விழும் என்று பயந்து கதை கட்டியதாகச் சிறுவன் ஒப்புக்கொண்டான். அதற்குள் சிலர் சிறையிலேயே இறந்துவிட்டார்கள். அந்தச் சிறையில் கிடந்தவர்களின் பட்டியலில் ஜெனெட் டிவைஸ் என்ற பெயரும் இருக்கிறது. குழந்தை பொய் சொல்வது புதிதல்ல. அந்தப் பொய்யின் மேல் தூக்குமேடை கட்டியவர்கள் பெரியவர்கள்; பொறுப்பும் அவர்களுடையதே.

ஒப்புதல் வாக்குமூலங்களைப் பற்றியும் ஒரு சொல். உள்நாட்டுப் போர்க் குழப்பத்தில் 1645 முதல் 1647 வரை கிழக்கு மாவட்டங்களில் மாத்யூ ஹாப்கின்ஸும் ஜான் ஸ்டேர்னும் ஊர் ஊராகப் போய்ச் சூனியக்காரிகளைக் கண்டுபிடித்தார்கள். ஊர்கள் அதற்குக் கூலியும் கொடுத்தன. சித்திரவதைக்கு இங்கிலாந்தின் பொதுச்சட்டம் இடம் தரவில்லை. ஆனால் இரவு பகலாகத் தூங்கவிடாமல் உட்காரவைப்பதையும், ஓயாமல் நடக்கவைப்பதையும் அவர்கள் சித்திரவதை என்று கருதவில்லை. ஜான் லோஸ் என்ற பாதிரியாருக்கு எண்பது வயதளவு. பல இரவுகள் தூக்கமின்றி ஓடவைக்கப்பட்டபின், சூனியத்தால் ஒரு கப்பலை மூழ்கடித்ததாக ஒப்புக்கொண்டார். பிறகு அதை மறுத்தும் பயனில்லை. அன்று அப்படி ஒரு கப்பல் மூழ்கியதா என்ற மிக எளிய கேள்விக்குப் பதில் தேடப்படவில்லை. தூக்குமேடையில் தனக்கான அடக்கச் செபத்தைத் தானே சொல்லிக்கொண்டு அவர் இறந்தார். அதே வட்டாரத்தில் ஜான் கால் என்ற பாதிரியார் ஹாப்கின்ஸின் முறைகளுக்கு எதிராகப் பிரசங்கம் செய்து, 1646-இல் நூலும் வெளியிட்டார். சுருங்கிய முகமுள்ள ஒவ்வொரு கிழவியும் சூனியக்காரி என்று பழிக்கப்படுகிறாளே என்று அவர் நொந்துகொண்டார். துணிவுள்ள ஒருவரால் பேச முடிந்தது என்றால், மற்றவர்களின் மௌனமும் கணக்கில் வரும்.

பழி சொன்னவர்களின் துயரத்தையும் மறக்கக் கூடாது. பேசியின் பிள்ளைகள் துடித்தது அவருக்குப் பொய்யாகத் தெரியவில்லை. காரணம் தெரியாத நோயில் பிள்ளையைப் பறிகொடுப்பது அன்று ஒவ்வொரு தெருவிலும் நடந்தது. காரணமே இல்லாத துயரத்தைவிட, பெயரும் முகமும் உள்ள ஓர் எதிரியைத் தாங்கிக்கொள்வது மனத்துக்கு எளிது. அந்தப் பலவீனத்தின்மீது இரக்கம் கொள்ளலாம். ஆனால் துயரம் யாருக்கும் இன்னொருவர் உயிரின் மேல் உரிமை தருவதில்லை.

காலப்போக்கில் நீதிபதிகள் மாறினார்கள். 1689-இல் தலைமை நீதிபதியான ஜான் ஹோல்ட் தம்முன் வந்த சூனிய வழக்குகளில் விடுதலைக்கே வழிசெய்தார். 1712-இல் ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் ஜேன் வென்ஹாமை ஜூரிகள் குற்றவாளி என்றபோது, நீதிபதியின் முயற்சியால் ஆன் அரசியின் மன்னிப்புக் கிடைத்தது. 1736-இல் சட்டமே போனது. ஆனால் வாசலில் நடப்பது மாறவில்லை. அதே ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் டிரிங் ஊருக்கு அருகே ரூத் ஆஸ்போர்ன் என்ற கிழவி ஒரு பால்பண்ணைக்காரரிடம் மோர் கேட்டாள், அவர் மறுத்தார், பிறகு அவர் கன்றுகள் நோயில் விழுந்தன. 1751 ஏப்ரலில், சந்தை ஊர்களில் முன்கூட்டியே அறிவித்துக் கூட்டப்பட்ட பெருங்கூட்டம் அவளையும் அவள் கணவனையும் இழுத்துப் போய்க் குட்டையில் அமிழ்த்தியது. அவள் இறந்தாள். முன்னின்று செய்த தாமஸ் காலி கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டான். சூனியக்காரி ஒருத்தியைக் கொன்றதற்காகவா ஒருவனைத் தூக்கிலிடுவது என்று வேடிக்கை பார்த்தவர்கள் குமைந்தார்கள்.

இது முடிந்த கதையும் இல்லை. சூனியப் பழியின் பெயரால் நடக்கும் வன்முறையைக் கண்டித்து ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் மன்றம் 2021-இல் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. இந்தியாவில் பிகார் 1999-இல் இதற்கென்றே தனிச்சட்டம் கொண்டுவந்தது. ஜார்க்கண்டும் அசாமும் பின்தொடர்ந்தன.

நேர்மையாக நம்பினால் போதுமா என்ற கேள்விக்கு விடை இதுதான்: போதாது. நம்பிக்கை மனத்துக்குள் இருக்கும்வரை அது ஒருவரின் சொந்த விஷயம். அது இன்னொருவரின் உயிரையோ மானத்தையோ தொடும் கணத்தில், அதைச் சோதிக்கும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. செய்யப்போகும் தீங்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவு கடுமையாகச் சோதிக்க வேண்டும். சோதனையில் தோற்றால் கைவிடும் துணிவும் வேண்டும். யாரையாவது குற்றம் சாட்ட மனம் விரையும்போது, அவருக்கு நாம் ஏதேனும் கொடுக்க மறுத்தோமா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். ஏமி டென்னி மூன்று முறை கேட்டது மீன் மட்டுமே.